இரண்டு பேட்டரி வைத்த அளவு

டார்ச் லைட்டுக்கும் ரேடியோவுக்கும் பேட்டரி விற்காத மளிகைக் கடை நம்மிடையே குறைவு. அந்தப் பேட்டரி இரண்டு உள்ளே அடங்க வேண்டும் என்பதற்காக வைத்த ஓர் அளவு, பின்னாளில் ஒரு தொழில் முழுவதற்குமே படிக்கல் ஆகிவிட்டது. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி ராணுவ டாங்கி மாதிரி செய்யும் தொழிலைத்தான் சொல்கிறோம்.

ஜப்பானில் ஷிசுவோகா என்னும் ஊர் மரவேலைக்குப் பெயர் போனது. அங்கே 1946-ல் யோஷியோ தாமியா என்பவர் மர அறுவை ஆலையும் மர வியாபாரமும் தொடங்கினார். பக்கத் தொழிலாக மரத்தில் கப்பல், விமான மாதிரிகள் செய்து விற்றார். 1951-ல் தீ விபத்து. இருந்த சரக்கெல்லாம் சாம்பல். இரண்டு ஆண்டில் மர வியாபாரத்தை முற்றிலும் விட்டு, மாதிரிப் பொம்மைகளே போதும் என்று இறங்கினார்கள்.

அதற்குள் சந்தை பிளாஸ்டிக் பக்கம் திரும்பிவிட்டது. மரப் பெட்டிகள் தேங்கின. 1960-ல் யமாட்டோ போர்க்கப்பலைப் பிளாஸ்டிக்கில் வெளியிட்டார்கள். அதே கப்பலைப் போட்டியாளரும் மலிவாகக் கொண்டு வந்தார். வேறு வழியின்றி அந்த விலைக்கே இறங்கியதில், அச்சு வார்க்கப் போட்ட முதல்கூடத் திரும்பவில்லை. எதிர்க்கடை விலைக்கு இறங்கி விற்ற அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பொம்மைக்காரர் ஒருவரிடமிருந்து கிடைத்த பழைய அச்சில் சின்னஞ்சிறு பந்தயக் கார்கள் செய்து விற்றுத்தான் மூச்சு விட்டார்கள்.

1961 முடிந்து 1962 பிறக்கும் வேளையில் வந்தது பாந்தர் டாங்கி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ஓட்டியது. உண்மை வண்டியின் எடை சுமார் 45 டன். மோட்டார் வைத்து ஓடும் மாதிரி அது. பெட்டிப் படத்தை வரைந்தவர் அன்று சிறுவர் பத்திரிகைகளில் பேர் பெற்றிருந்த ஓவியர் ஷிகெரு கோமாட்சுசாகி. சரக்கு நன்றாகப் போயிற்று. அதே அளவில் மற்ற டாங்கிகளும் செய்யலாமே என்று, யோஷியோவின் மகன் ஷுன்சாகு தாமியா பாந்தரை அளந்து பார்த்தார். நிஜ வண்டியில் 35-ல் ஒரு பங்கு என்று வந்தது. கணக்குப் போட்டு வைத்த அளவல்ல, பேட்டரிக்காக வைத்த அளவு என்று அவரே தம் நூலில் எழுதியிருக்கிறார். இன்று இத்தாலி, கொரியா, சீனா என்று எந்த நாட்டுக் கம்பெனி டாங்கி போட்டாலும் பெரும்பாலும் 1/35 தான்.

இந்த அளவில் ஒரு பாந்தர், பீரங்கிக் குழாயோடு சேர்த்துச் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம் வரும். பெட்டியைத் திறந்தால் துண்டுகள் சட்டத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கும். அவற்றை முறித்து எடுக்கக் கூடாது. சிறு கட்டரால் வெட்டி, காம்பு இருந்த இடத்தை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இதற்கான பசை மற்றப் பசைபோலப் பிடித்துக்கொள்வதல்ல; பிளாஸ்டிக்கையே கொஞ்சம் கரைத்து இரண்டையும் ஒன்றாக்குவது. அதனால் ஒரு சொட்டு அதிகமானாலும் துண்டு கெட்டுவிடும். பீரங்கிக் குழாய் இரண்டு பாதியாக வந்தால், ஒட்டிய கோடு தெரியாமல் தேய்ப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். பழைய மோட்டார் மாதிரிகளில் அடித்தட்டில் சுவிட்சுக்கு விட்ட ஓட்டைகளும் உண்டு. கைதேர்ந்தவர்கள் அவற்றைப் புட்டி வைத்து அடைத்துவிடுவார்கள்.

கைத்திறன் தெரிவது சங்கிலிப் பட்டையில். நம் தராசுக் கணக்கில் பாருங்கள்: 45 டன்னை 35 மூன்று முறை வகுத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. சங்கிலி இரும்பாக இருந்தால் தன் பாரத்தாலேயே சக்கரங்கள்மேல் தொய்ந்து கிடக்கும். மாதிரியில் வருவது லேசான ரப்பர் போன்ற பட்டை, விறைத்து நிற்கும். அந்த ஒன்று போதும், பொம்மை என்று காட்டிக்கொடுக்க. ஆகவே மேல்பக்கத்தைச் சக்கரங்களோடு அழுத்தி ஒட்டித் தொய்வை வரவழைக்கிறார்கள். பிறகு மஞ்சள் வண்ணம், அதன்மேல் பச்சையும் செம்பழுப்பும். நீர்த்த கருஞ்சாயம் இடுக்குகளில் இறங்கும். ஏறக்குறையக் காய்ந்த தூரிகையால் விளிம்புகளைத் தடவினால் இரும்பு தேய்ந்த மினுக்கம் வரும். கடைசியில் சக்கரங்களுக்கு மண் நிறப் பொடி.

வணிகர்கள் கவனிக்க வேண்டியது பெட்டியை அல்ல, அதன் பின்னே வரும் உதிரிச் சரக்கை. பசை, வண்ணம், தூரிகை, கத்தி, உப்புத்தாள் எல்லாவற்றையும் தாமியாவே தன் பெயரில் விற்கிறது. பித்தளைத் தகட்டில் மெல்லியதாக அரித்தெடுத்த கொக்கிகள், கடைசல் பிடித்த அலுமினியக் குழாய்கள் ஆகியவற்றைச் செய்து பிழைக்கும் சிறு கம்பெனிகள் தனி. பித்தளைக்குப் பிளாஸ்டிக் பசை பிடிக்காது, உடனடிப் பசை வேண்டும். ஆக அதுவும் ஒரு விற்பனை. பெட்டியை ஒருவர் எப்போதாவது வாங்குவார். வண்ணப் புட்டிக்கு மாதந்தோறும் வருவார்.

சரக்கின் உண்மையில் மட்டும் ஷுன்சாகு சிக்கனம் பார்த்ததில்லை. அமெரிக்காவில் அபர்டீன் ராணுவ அருங்காட்சியகத்துக்கே போய் டாங்கிகளைப் படம் எடுத்து வந்தார். ஒரு கார் மாதிரிக்காக நிஜ போர்ஷே காரையே விலைக்கு வாங்கிப் பிரித்துப் பார்த்தார்கள். அவர் 2025-ல் காலமானார். ஷிசுவோகாவில் ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும் மாதிரிக் கண்காட்சிக்கு மொத்த வியாபாரிகளும் ரசிகர்களும் திரண்டு வருகிறார்கள்.

பொம்மைச் சரக்கு வைத்திருக்கும் நம்மவர்கள் இந்த வகையை எடுத்தால், பசையையும் எனாமல் வண்ணத்தையும் பெட்டிகளோடு அடுக்காமல் தனித் தட்டில், விளக்கு, ஊதுபத்தி இல்லாத பக்கமாக வைக்கவும். இரண்டும் எளிதில் தீப்பிடிப்பவை. மூடி தளர்ந்தால் ஒரு வாரத்தில் காய்ந்து நஷ்டக் கணக்கில் சேரும். சிறுவர் கையில் பசையைத் தனியாகக் கொடுக்காமல், பெரியவர் உடன் வந்தால் கொடுப்பது நல்லது.