மாவு பொங்க வேண்டும்: சிறுவர் டென்னிஸ் பயிற்சி எப்படி இயங்குகிறது?

இட்லி மாவுக்கு அரிசியையும் உளுந்தையும் தனித்தனியாக ஊறவைத்து, தனித்தனியாக ஆட்டி, உப்புப் போட்டுக் கையால் கரைத்து மூடி வைக்கிறோம். அதோடு நம் வேலை முடிந்தது. இனி மாவுதான் பொங்க வேண்டும். சிறுவர்களுக்கு டென்னிஸ் கற்றுக்கொடுப்பதும் இப்படித்தான்.

முதலில் பக்குவம். ஏழு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்கள் ஆடும் மஞ்சள் பந்தைப் போட்டால், அது தரையில் பட்டுத் தலைக்கு மேலேகூட எழும்பும். எட்டி அடிப்பதற்காகப் பிள்ளை மட்டைப் பிடியைக் கோணலாக்கிக்கொள்ளும். பழகிய பிடியைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. சிறுவர்களுக்கான சிவப்புப் பந்து அதைவிட 75 சதவீதம் மெதுவானது, இடுப்பளவுக்கே எழும்பும். களமும் 23.77 மீட்டருக்குப் பதில் சுமார் 11 மீட்டர்தான். அடுத்து ஆரஞ்சு, பிறகு பச்சை. 10 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் மஞ்சள் பந்து கூடாது என்பது 2012 முதல் சர்வதேச விதி. ‘இது விளையாட்டுச் சாமான்’ என்று முகம் சுளிக்கும் பெற்றோர், தம் பிள்ளை பத்துப் பந்துகளைத் தொடர்ந்து திருப்பி அடிக்கும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

டென்னிஸ் மட்டுமே போதாது. பந்தை ஓங்கி எறியத் தெரியாத பிள்ளைக்கு சர்வ் எளிதில் வராது. ஓட்டம், நீச்சல், கால்பந்து எல்லாம் ஊறிச் சேர வேண்டியவை.

அடுத்ததுதான் முக்கியம்: மூடி வைப்பது. பயிற்சியில் களைத்த தசையும் எலும்பும் ஓய்விலும் உறக்கத்திலும்தான் வலுப்பெறுகின்றன. வாரத்துக்கு ஒரு நாளாவது மட்டையைத் தொடாத நாள் வேண்டும். பயிற்சி மணிநேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக்கூடாது என்று விளையாட்டு மருத்துவர்கள் சொல்கிறார்கள். 11 வயதென்றால் வாரம் 11 மணிநேரத்துக்குள். வளரும் எலும்பின் நுனிகளில் இருப்பது மென்மையான குருத்தெலும்பு. முதுகை வில்லாக வளைத்து நூற்றுக்கணக்கில் சர்வ் போடவைத்தால், கீழ்முதுகு எலும்பில் கீறல் விழலாம்.

மாவு வெயில் காலத்தில் சீக்கிரம் பொங்கும், மார்கழியில் நேரமாகும். பிள்ளைகளும் அப்படித்தான்: ஒரே வயதுப் பிள்ளைகள் இருவரின் உடல் முதிர்ச்சியில் இரண்டு மூன்று ஆண்டு வித்தியாசம் இருப்பது சகஜம். 12 வயதில் உயரத்தால் ஜெயிக்கும் பையனை மட்டும் தேர்ந்தெடுக்கும் பயிற்சியாளர், நல்ல கைகளை இழந்துவிடுகிறார்.

அவசரத்தின் விலையை அமெரிக்காவின் ஜெனிஃபர் காப்ரியாட்டி கொடுத்தார். 1990இல் 13 வயதில் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து, 1992இல் ஒலிம்பிக் தங்கம் வென்று, மறு ஆண்டே ஒதுங்கினார். அதன்பின் மகளிர் டென்னிஸ் சங்கம் 1995 முதல் வயதுக் கட்டுப்பாடு கொண்டுவந்தது: 14 வயது நிரம்பாதவர்களுக்கு இடமில்லை, 18 வரை போட்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு.

இந்த அவசரத்தைத் தவிர்க்க நல்ல பயிற்சியாளர் செய்யும் வேலை எளியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையின் உயரத்தை அளந்து குறித்துவைப்பார். திடீரென்று வளரும் பருவத்தில் சர்வ் எண்ணிக்கையைக் குறைப்பார். முழங்காலோ முதுகோ வலிக்கிறதென்று பிள்ளை சொன்னால், அன்றைக்கே நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புவார்.