தொட்டிச் செடிக்கு எந்த உரம்?



அறிவியல் அறை ஜன்னல் ஓரம் இருக்கும் மீன்தொட்டியை எல்லாரும் பார்த்திருப்பீங்க. 20 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் அதில் இருந்த ஆறு கப்பி மீனும் செத்து மிதந்தன. அந்த வாரம் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் முறை எட்டாம் வகுப்புத் தம்பிகளுக்கு. அவங்க சோப்புக் கையைத் தண்ணீரில் விட்டிருப்பாங்க என்று பேச்சு வந்தது. அது உண்மை இல்லை. நான்தான் யூரியா போட்டேன். தம்பிகளா, மன்னிச்சிருங்க. டீச்சரிடமும் சொல்லிட்டேன். "ஏன் செத்துச்சுன்னு படிச்சு எழுது, எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்" என்று சொன்னாங்க.

தொட்டியில் இருந்த வாலிஸ்நேரியா செடியில் (நாடா மாதிரி நீளமா இருக்குமே, அது) இலை மஞ்சளாகிக்கொண்டே வந்தது. எங்க தாத்தா மிளகாய்ச் செடி வெளுத்தால் மழை ஈரத்தில் மேலுரமாக யூரியா தூவுவாங்க. நாலு நாளில் கருகருன்னு பச்சையாகும். அதே மாதிரிதானே என்று பேப்பரில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் போட்டேன். ஒரு கிராம் இருக்கும். அப்போது மீன்கள் ஜோராக நீந்தின. அதனால் நான் நிம்மதியா வீட்டுக்குப் போய்ட்டேன்.

உடனே ஒன்றும் ஆகாததுதான் யூரியாவின் ஏமாற்று. நம் மாவட்டத்தில் தூத்துக்குடி ஸ்பிக் ஆலையில் அம்மோனியாவையும் கார்பன்-டை-ஆக்சைடையும் சேர்த்து யூரியா தயாரிக்கிறார்கள். தொட்டியில் இருக்கும் பாக்டீரியா அதை மெதுவாகத் திருப்பிப் பிரித்து மறுபடி அம்மோனியா ஆக்குகிறது. இதற்கு ஒன்றிரண்டு நாள் ஆகும். சனி, ஞாயிறு பள்ளி லீவில் அதுதான் நடந்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். 1 கிராமில் 460 மில்லிகிராம். அதை 20 லிட்டருக்குப் பிரித்தால் லிட்டருக்கு 23 மில்லிகிராம். அது முழுவதும் அம்மோனியாவானால் லிட்டருக்குச் சுமார் 28 மில்லிகிராம். மீனுக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராமே ஆபத்து! அதுவும் தண்ணீர் காரத்தன்மையாகவும் சூடாகவும் இருந்தால் அம்மோனியாவின் விஷம் கூடும். நம்ம ஆழ்குழாய்த் தண்ணீரில் சிவப்பு லிட்மஸ் தாளை வைத்தால் நீலமாகிறது. வெயிலைப் பற்றி விளாத்திகுளத்துக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்போ வயலில் மட்டும் ஏன் ஒன்றும் ஆவதில்லை? கரிசல் மண் அம்மோனியத்தை நல்லாப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வேருக்குக் கொடுக்கும். கண்ணாடித் தொட்டியில் பிடித்துவைக்க மண் ஏது? ஒரு கைப்பிடி மணல்தான் கிடக்கு.

இதைவிட எனக்கு வருத்தம் தந்த விஷயம் ஒன்று. அந்தச் செடிக்கு யூரியா தேவையே இல்லை. மீன் தின்ற தீனியின் கழிவு செவுள் வழியாக அம்மோனியாவாகத்தான் வெளியே வருகிறது. பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். அதுவே செடிக்கு நைட்ரஜன் உரம். தீனியிலிருந்து பாஸ்பரஸும் கிடைத்துவிடும். மீன் இருக்கிற தொட்டியில் பெரும்பாலும் குறைவது பொட்டாசியமும் இரும்பும்தான்.

எது குறைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மஞ்சளாவது பழைய இலையா, புது இலையா என்று பார்க்கணும். நைட்ரஜனையும் பொட்டாசியத்தையும் செடி பழைய இலையில் இருந்து உருவி, புதுக் குருத்துக்குக் கொடுத்துவிடும். அதனால் பழைய இலை முதலில் கெடும். இரும்பை அப்படி உருவ முடியாது. அது குறைந்தால் புது இலையே வெளுத்து வரும். பழைய இலை முழுசும் வெளுத்தால் நைட்ரஜன் குறைவு. ஓரம் மஞ்சளாகி, ஊசி குத்தின மாதிரி ஓட்டை விழுந்தால் பொட்டாசியம் குறைவு. நம்ம வாலிஸ்நேரியாவில் பழைய இலையில்தான் ஓட்டை இருந்தது, குருத்து நல்ல பச்சை. நான் இலையைப் பார்க்காமலே மருந்து கொடுத்திருக்கேன்! எங்க வகுப்பு பெஞ்சில் ஒரு கால் குட்டை. மற்ற மூணு காலை உயர்த்தினால் ஆட்டம் நிற்குமா? அப்படித்தான் இதுவும்.

தாத்தாவோடு உரக்கடைக்குப் போய்ப் பார்த்தேன். டிஏபியில் 18 சதவீதம் நைட்ரஜன், அது அத்தனையும் அம்மோனியம். 17:17:17 காம்ப்ளக்ஸிலும் அம்மோனியம் உண்டு. இரண்டும் மீன் பக்கம் போகக் கூடாது. நுண்ணூட்டக் கலவையில் தாமிரமும் இருக்கிறது, அது நத்தைக்கு ஆகாது. பொட்டாஷ் என்றால் கடையில் முதலில் எடுத்துத் தருவது பொட்டாசியம் குளோரைடு. நம்ம தண்ணீரே உப்புக் கரிப்பதால், 0:0:50 என்று எழுதிய சல்பேட் ஆஃப் பொட்டாஷ் கேட்டோம். தெளிப்பதற்காக வாங்குகிறார்களாம். ஒரு கிலோப் பாக்கெட்டில் நமக்குத் தேவை 10 கிராம், மீதி தாத்தாவோட மிளகாய்க்கு. மீனே இல்லாத தொட்டி என்றால் 13:0:45, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், வாங்கலாம். அதில் நைட்ரஜன் நைட்ரேட்டாகவே இருப்பதால் அம்மோனியா பயம் இல்லை.

இரும்புக்கு அன்னபேதி போடலாமா என்று டீச்சரிடம் கேட்டேன். காரத் தண்ணீரில் அது துருவாகி அடியில் படிந்துவிடும், செடிக்குக் கிடைக்காது என்றார்கள். தேவைப்பட்டால் கீலேட் இரும்புதான் வாங்கணும். இப்போதைக்குத் தேவை இல்லை.

10 கிராம் பொட்டாஷை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்திருக்கேன். இருமல் மருந்து மூடியால் வாரம் 10 மில்லி. தொட்டியில் லிட்டருக்குச் சுமார் நாலு மில்லிகிராம் பொட்டாசியம் சேரும். சீக்கிரம் வளரட்டும் என்று யாரும் கூட ஊற்ற வேண்டாம். வெளிச்சம் அதே அளவுதான் இருக்கு, செடியால் அவ்வளவுதான் சாப்பிட முடியும்.

முதல் நாளே பாதித் தண்ணீரை மாற்றினோம், அடுத்த வாரமும் மாற்றினோம். இரண்டு வாரம் செடி மட்டும் இருந்தது. ஓட்டை விழுந்த இலை திரும்பச் சரியாகவில்லை, ஆகவும் ஆகாதாம். வெட்டி எடுத்துட்டேன். அதற்குப் பிறகு வந்த நாலு இலையில் ஓட்டை இல்லை. போன புதன்கிழமை இரண்டு கப்பி விட்டிருக்கோம். கரைசல் பாட்டில் மேல் அலமாரியில் இருக்கு, திங்கட்கிழமை ஒரு மூடி. இந்த வாரம் ஊற்றும் முறை மறுபடியும் எட்டாம் வகுப்புத் தம்பிகளுக்கு.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி