நாய்க்கடி: கழுவியதோடு முடியாது

சென்ற மாதம் கல்வி உதவி விண்ணப்பத்துடன் ஒரு தகப்பனார் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். கூட வந்த மகனின் கெண்டைக்காலில் காயம். மூன்று நாளுக்கு முன், மதரஸா விட்டு வரும் வழியில் தெருநாய் கடித்ததாம். "ஏழு தடவை கழுவிட்டோம் பாய், ஒரு தடவை மண்ணும் போட்டோம்" என்றார். ஊசி போடவில்லை. விண்ணப்பத்தை வாங்கி வைத்துவிட்டு, இருவரையும் உடனே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம்.

ஷாஃபி மத்ஹபில் ஏழு முறை கழுவுவது நஜீஸ் நீங்குவதற்கான சட்டம். வெறிநோய்க்கு அது சிகிச்சையாகாது. திறந்த காயத்தில் மண் பட்டால் ரணஜன்னி அபாயமும் சேரும். முதலில் உயிரைப் பார்ப்போம். சுத்தத்தின் சட்டத்தைப் பிறகு ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கடித்தவுடன் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். ரேபிஸ் கிருமியின் மேலுறையில் கொழுப்பு இருக்கிறது; சோப்பு அதைக் கரைத்துவிடும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். பிறகு நேரே மருத்துவமனை.

நாயின் எச்சிலில் உள்ள கிருமி காயத்தின் வழியே நரம்பில் ஏறி மூளைக்குப் போகிறது. இதற்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். முகத்திலோ தலையிலோ கடித்தால் இன்னும் சீக்கிரம். அந்த இடைவெளிதான் நமக்குள்ள அவகாசம். தண்ணீரைக் கண்டு அஞ்சும் நிலை வந்துவிட்டால் காப்பாற்ற மருந்து இல்லை.

"அந்த நாய்க்கு வெறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊசி போடலாமே" என்கிறார்கள். உயிரோடு இருக்கும் நாயிடம் உறுதியாகச் சொல்லும் பரிசோதனை கிடையாது. செத்த பிறகு மூளையைச் சோதித்தால்தான் தெரியும். பார்வைக்கு நன்றாக இருக்கும் நாயின் எச்சிலிலும், நோய்க்குறி தெரிவதற்குச் சில நாள் முன்பே கிருமி வந்துவிடுகிறது. அதனால்தான் கடித்த நாயை 10 நாள் கவனிக்கச் சொல்கிறார்கள். அதை அடித்துக் கொன்றுவிட்டால் கவனிக்க வழியில்லை. கவனிக்கும் நாட்களிலும் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. நாய்க்குட்டி, பூனை கடித்தாலும், நகம் கீறினாலும் இதே கதைதான்.

தொப்புளைச் சுற்றி ஊசி என்ற பயம் நம் வீட்டுப் பெண்களிடம் இன்னும் இருக்கிறது. ஆட்டு மூளையில் தயாரித்த அந்தப் பழைய மருந்து எப்போதோ நிறுத்தப்பட்டுவிட்டது. இன்று கைகளில், தோலுக்குள் மெல்லிய ஊசி. முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாட்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். இரத்தம் வந்த கடியென்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தையும் கேட்டு வாங்குங்கள். இதைப் பலர் கேட்பதே இல்லை. நாள் கடந்துவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள், அப்போதும் போடலாம்.

காவலுக்கு நாய் வைத்திருக்கும் தோப்புக்காரர்கள் குட்டிக்கு மூன்று மாதத்தில் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் தொடர வேண்டும். ஓர் ஊரின் நாய்களில் 70 சதவீதத்துக்குப் போட்டுவிட்டால் நோய் பரவுவது நின்றுவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

திட்டுவார்கள் என்று பயந்து பிள்ளைகள் கடியை மறைத்துவிடுகிறார்கள். இந்தப் பையனும் முதலில் முள் கீறியது என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறான். அவனுக்கு மூன்று ஊசி முடிந்திருக்கிறது. நான்காவது ஊசிக்கான தேதியை அலுவலக நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறோம்.