பாதி லாரி, பாதி டாங்கி: ஹாஃப்-டிராக் ஏன் ஒழிந்தது?

முன்னால் லாரிக்குரிய ரப்பர் சக்கரங்கள், பின்னால் டாங்கிக்குரிய சங்கிலிப் பட்டை. இந்த ஹாஃப்-டிராக் வண்டிகளை இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா மட்டும் 50,000-க்கும் மேல் கட்டியது. ஜெர்மனி ‘251’ என்ற ஒரே வகையில் 15,000-க்கும் மேல் செய்து இறக்கியது. போர் முடிந்த பதினைந்து ஆண்டுகளில் பெரிய படைகள் எதுவும் புதிதாக ஹாஃப்-டிராக் கேட்கவில்லை. டயரும் லாரியும் மேம்பட்டுவிட்டன, அதனால் தேவை இல்லாமல் போயிற்று என்பார்கள். அது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் அந்த வண்டியில் உட்கார்ந்துபோன காலாட்படை வீரனின் தலைக்கு மேல் இருந்தது.

இந்த அமைப்பைப் பரப்பியவர் அடால்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர். ரஷ்ய மன்னர் இரண்டாம் நிக்கோலாஸின் மோட்டார் வாகனங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. பனியில் கார் புதையாமல் இருக்க, பின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு ரப்பர் பட்டை பூட்டினார். 1917 புரட்சிக்குப் பிறகு பிரான்ஸ் திரும்பி சிட்ரோயன் நிறுவனத்தோடு சேர்ந்தார். 1922 டிசம்பரில் அல்ஜீரியாவிலிருந்து புறப்பட்ட அவருடைய ஐந்து வண்டிகள் சகாராவைக் கடந்து மறு மாதமே டிம்பக்டுவை எட்டின. 1931-இல் அமெரிக்க ராணுவமும் ஒன்றை வாங்கிச் சோதித்தது.

அந்தக் காலத்துக்கு அது நல்ல யோசனைதான். அன்றைய லாரிகளில் பெரும்பாலும் பின் சக்கரம் மட்டுமே இழுக்கும். டயர்கள் ஒல்லியானவை, சேற்றில் இறங்கினால் புதைந்துவிடும். முழுப் பட்டை வண்டியோ விலை அதிகம், பட்டை சீக்கிரம் தேயும், ஓட்டுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஹாஃப்-டிராக்கை லாரி ஓட்டத் தெரிந்தவர் சில மணி நேரத்தில் பழகிக்கொள்ளலாம். லட்சக்கணக்கானவர்களை அவசரமாகப் படையில் சேர்த்த நாடுகளுக்கு அது சின்ன விஷயமல்ல.

சிக்கல் திருப்பத்தில் தொடங்கியது. பின்னால் இருக்கும் நீண்ட பட்டை நேராகவே போகப் பார்க்கும். முன் சக்கரம் எவ்வளவு திரும்பினாலும் இளகிய மண்ணில் வழுக்கி முன்னோக்கியே நகரும். அமெரிக்கர்கள் முன் சக்கரங்களுக்கும் இஞ்சின் விசை கொடுத்தார்கள். ஜெர்மானியர்கள் அதைச் செய்யவில்லை. ஸ்டியரிங்கை ஓரளவுக்கு மேல் திருப்பினால் உட்பக்கப் பட்டையில் பிரேக் பிடிக்கும்படி அமைத்தார்கள். சாமர்த்தியமான ஏற்பாடு. ஆனால் லாரியின் ஸ்டியரிங், டாங்கியின் ஸ்டியரிங் இரண்டையும் ஒரே வண்டியில் பொருத்திப் பராமரிக்க வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு, பட்டைக்குள் ஓடும் சக்கரங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும்படி அடுக்கியிருந்தார்கள். உள்ளே ஒரு சக்கரம் பழுதானால் வெளியே உள்ளவற்றைக் கழற்றியாக வேண்டும். ரஷ்யக் குளிரில் இடுக்குகளில் அப்பிய சேறு இரவில் உறைந்து, காலையில் வண்டி நகர மறுத்தது. அதனால்தான் போரின் நடுவிலேயே, பக்கத்துக்கு நான்கே பெரிய சக்கரங்கள் கொண்ட ‘ஆர்.எஸ்.ஓ.’ என்ற எளிய முழுப் பட்டை இழுவை வண்டியை ஜெர்மனி கட்ட ஆரம்பித்தது.

மறுபக்கம் லாரியும் சும்மா இருக்கவில்லை. ஆறு சக்கரங்களும் இழுக்கும் ஜி.எம்.சி. லாரிகள் போர்க்காலத்தில் லட்சக்கணக்கில் வந்தன. அதே லாரியிலிருந்து பிறந்த டக் என்ற நீர்நில வண்டியில், ஓட்டுநர் இருக்கையிலிருந்தபடியே டயர் காற்றைக் குறைத்து மணலில் ஏறலாம், தார்ச்சாலை வந்ததும் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

இனி வீரனிடம் வருவோம். அமெரிக்க ஹாஃப்-டிராக்கான எம்3-இன் பக்கத் தகடு ஏறக்குறைய 6 மி.மீ. தடிமன், மேலே வெறும் ஆகாயம். வானில் வெடிக்கும் குண்டின் சில்லுகள் நேராக உள்ளே விழும். காயம்பட்டவர்களுக்கு அளிக்கும் பதக்கத்தின் பெயரைச் சேர்த்து, ‘பர்பிள் ஹார்ட் பெட்டி’ என்று வீரர்களே அதை அழைத்தார்கள். கூரை போட்டுத் தகட்டைத் தடிமனாக்கலாமே என்று கேட்கலாம். என் பார்வையில் ஹாஃப்-டிராக்கின் கதை முடிந்த இடம் அதுதான். எடை கூடக் கூட முன் சக்கரங்கள் அமிழும், வண்டி சேற்றைக் கடக்கும் ஆற்றலை இழக்கும். வீரனைக் காக்க எடை வேண்டும், அந்த எடையை இந்த அமைப்பு தாங்காது.

1944 ஆகஸ்டில் நார்மண்டியின் கான் நகருக்குத் தெற்கே ஓர் இரவுத் தாக்குதலுக்காகக் கனடாத் தளபதி கை சைமண்ட்ஸ் இதற்கு ஒரு வழி கண்டார். டாங்கி அடித்தளத்தில் கட்டப்பட்ட ‘பிரீஸ்ட்’ பீரங்கி வண்டிகளிலிருந்து பீரங்கியைக் கழற்றி, திறப்பைத் தகடு வைத்து வெல்டிங் செய்து, உள்ளே காலாட்படையை ஏற்றினார். அவையும் மேலே திறந்தவைதான், ஆனால் கவசம் கனமானது, டாங்கி போகும் இடமெல்லாம் கூடவே போகும். அந்த இரவுத் தாக்குதலில் ஹாஃப்-டிராக்குகளும் ஓடின. ஆனாலும் பின்வந்த படைகள் பின்பற்றியது பட்டறையில் அவசரமாக வெட்டி ஒட்டிய அந்த முழுப் பட்டை வண்டியின் வழியைத்தான்.

1960-இல் வந்த எம்113 என்ற அமெரிக்க முழுப் பட்டை வண்டி அலுமினியக் கவசமும் மூடிய கூரையும் கொண்டது, நீரிலும் மிதக்கும். எடையோ பழைய எம்3-ஐவிடச் சற்றே அதிகம். சோவியத் தரப்பு பி.டி.ஆர்.-60 என்று எட்டுச் சக்கரங்களும் இழுக்கும் வண்டியைத் தேர்ந்தது. முழுப் பட்டைக்கும் முழுச் சக்கரத்துக்கும் நடுவில் ஹாஃப்-டிராக் நிற்க இடமில்லை. செக்கோஸ்லோவாக்கியா மட்டும் ஜெர்மன் 251-க்கு டீசல் இஞ்சினும் கூரையும் பொருத்தி ஓ.டி.-810 என்று 1950-களின் இறுதியில் கட்டிப் பார்த்தது. அதில் போன வீரர்கள் வைத்த பெயர் ‘ஹிட்லரின் பழிவாங்கல்’. இஸ்ரேல் கையில் இருந்த அமெரிக்க ஹாஃப்-டிராக்குகளை 1948 முதல் 1973 போர் வரை களத்தில் ஓட்டியது. எம்113 போதிய எண்ணிக்கையில் வந்து சேர்ந்த பிறகே அவற்றை முன்வரிசையிலிருந்து விலக்கியது.