முதலில் காதைப் பாருங்கள்



மூட்டையைக் குத்தூசியால் குத்தி, பருப்பை உள்ளங்கையில் போட்டுப் பார்க்காமல் நாம் விலை பேசுவதில்லை. உடம்பு விஷயத்தில் மட்டும் விளம்பரத்தைப் பார்த்ததும் பணத்தை எடுத்துவிடுகிறோம். நானும் அப்படி ஏமாற இருந்தேன்.

எங்கள் பருப்பு மண்டியில் மூத்தவர் என் அண்ணன். வயது 74. போனில் வந்த இருபது மூட்டை ஆர்டரை அறுபது என்று எழுதி லாரியில் ஏற்றிவிட்டார். நாற்பது மூட்டை திரும்பி வந்தது. வாடகை எங்கள் தலையில். பிறகு பாக்கிக்காரர் ஒருவர் சொன்ன தவணையை, "அவர் சொல்லவே இல்லை" என்று சாதித்தார். ஞாபகம் போய்விட்டது என்று வீட்டில் முடிவு கட்டி, கல்லாச் சாவியையும் பேரேட்டையும் வாங்கிக்கொண்டார்கள். நானும் வாய் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து அவர் கடைக்கே வரவில்லை.

இந்த நேரத்தில் அவர் மகன் ஒரு விளம்பரத்தோடு வந்தான். நொடிக்கு 40 முறை துடிக்கும் ஒலியை தினம் ஒரு மணி நேரம் கேட்டால் மறதி தீருமாம். கருவி விலையில் பாதியை என்னிடம் கேட்டான்.

விசாரித்தேன். சரக்கு முழுப் பொய் அல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லி-ஹுவே சாய் என்ற அம்மையாரின் குழு 2016-இல் ஒளியையும் 2019-இல் ஒலியையும் இப்படித் துடிக்க விட்டு, மறதி நோய் உண்டாக்கப்பட்ட எலிகளின் மூளையில் படியும் அமிலாய்டு கசடு குறைந்ததாக வெளியிட்டது. ஆனால் 2023-இல் நியூயார்க் ஆய்வாளர்கள் ஒளியை வைத்துச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. மனிதர்களிடம் முதலில் நடந்த சோதனைகளும் சிறியவை. எலிக்குக் கிடைத்த லாபத்தை நம் கணக்கில் வரவு வைக்க முடியாது.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அண்ணனை அழைத்துப் போனோம். ஆடியோகிராம் எடுத்தார்கள். இரண்டு காதிலும் கேட்கும் திறன் நன்றாகக் குறைந்திருந்தது. 'இருபது', 'அறுபது' குழப்பம் அங்கேதான். காதில் விழாததை யார் ஞாபகம் வைத்திருக்க முடியும்?

மருத்துவர் இன்னொன்றும் விளக்கினார். அரைகுறையாகக் கேட்பதைப் புரிந்துகொள்ளவே மூளை பாடுபடுவதால், நினைவில் வைக்க வலு குறைகிறது. பேச்சு புரியாதவர் ஒதுங்கிக்கொள்வதும் மூளைக்குக் கெடுதல். 2023-இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 70 முதல் 84 வயதுள்ள, காது மந்தமான 977 பேரை மூன்று ஆண்டுகள் பார்த்தார்கள். மொத்தத்தில் காது மெஷினால் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் மறதி வரும் அபாயம் கூடுதலாக இருந்த பிரிவினரில், மெஷின் வைத்தவர்களுக்கு அறிவாற்றல் சரிவு 48 சதவீதம் குறைவு. காது சரியாக இருந்தும் மறதி தொடர்ந்தால் நரம்பு மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும்.

மெஷின் வாங்கினோம். முதல் சில வாரம் தட்டுச் சத்தம், மின்விசிறிச் சத்தம் எல்லாம் பெரிதாகக் கேட்கிறது என்று கழற்றிக் கழற்றி வைத்தார். மீண்டும் அளவு சரிசெய்த பிறகு பழகிவிட்டது. பேரேட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் என்னைப் பார்க்காமல்தான் வாங்கினார்.

இப்போது தினம் காலையில் கல்லாவில் இருக்கிறார். பழைய பாக்கியைத் தீர்க்காமல் புதுக் கடன் கேட்டு யாராவது வந்தால் மட்டும் மெஷினைக் கழற்றி மேஜையில் வைத்துவிடுகிறார்.