குத்தகைக் கமக்காரரும் காணி இடாப்பும்

மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையை அடுத்து அமைந்த ஊர் கிரான். கோறளைப்பற்று தெற்குப் பிரதேச செயலகத்தின் இருப்பிடமும் அதுவே. அவ்வூரார் பயிரிடும் வயல்களிற் பெரும்பகுதி மேற்கே, நீர்நிலைகளுக்கு அப்பால் விரிந்து கிடக்கின்றது. புலிபாய்ந்தகல் வழியாகச் செல்லும் பாதை மாரி வெள்ளத்தில் மூழ்க, கமக்காரர் தோணியேறிச் சென்று பயிரைப் பார்த்துத் திரும்புவது பல்லாண்டுகளாகக் கண்ட காட்சி. இத்துணை இடர்ப்பட்டு நெல் விளைவிப்போர் அனைவரும் நிலத்துக்கு உடையவர் அல்லர். பிறர் காணியைக் குத்தகைக்கு ஏற்று, ஆண்டாண்டாக அதே வயலில் உழைப்போரும் உளர். அத்தகைய ஒருவரிடம், பெரும்போக விதைப்புக்குச் சிறிது முன்னர், "இனி இவ்வயலில் இறங்கவேண்டாம்" என்று உடையவர் கூறிவிட்டால், அவருக்குள்ள உரிமை யாது? அவர் யாரிடம் சென்று முறையிடலாம்? இவ்வினாக்கள் நெற்செய்கை நிலைத்துள்ள ஊர்கள் அனைத்துக்கும் உரியனவாதலின், அவற்றை ஆராய்தல் பயனுடைத்து.

மட்டக்களப்பு நாட்டின் நெற்செய்கை போடியாரை நடுவாகக் கொண்டு வளர்ந்தது. பெருநிலம் உடையவர் போடியார் எனப்பட்டார். அவர்தம் வயல் வேலைகளைத் தலைமை தாங்கி நடத்துபவர் முல்லைக்காரர். அவரோடு உழைப்போர் வயற்காரர். இவர்கள் தம் உழைப்புக்கு நெல்லாகக் கூலி பெற்றனர். இவர்களின் வேறாக, நிலத்தை ஏற்றுத் தம் பொறுப்பில் விதைத்து, அறுவடையின்பின் இத்தனை அவணம் நெல் அளப்பதாக உடன்பட்டோர் குத்தகைக்காரர். இவ்வுடன்பாடுகள் பெரும்பாலும் வாய்ச்சொல்லாலேயே முடிந்தன. தந்தை உழுத வயலை மகனும் உழுதான். சொன்னவரும் கேட்டவரும் வாழ்ந்த காலம்வரை இம்முறை பழுதின்றி நடந்தது. காணி சீதனமாகவோ விலையாகவோ கைமாறியபோது, பழைய சொல்லுக்குச் சான்று கூறுவார் இல்லாது போயிற்று.

இக்குறையைப் போக்க முதற்கண் எழுந்தது 1953ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம். அது அம்பாந்தோட்டை, மட்டக்களப்பு ஆகிய இரு மாவட்டங்களில் மாத்திரமே நடைமுறைக்கு வந்தது. அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது 1961இலேயாதலால், அக்காலத்து மட்டக்களப்பு மாவட்டம் கீழ்மாகாணத்தின் தென்பகுதி வயல்களையும் தன்னுள் அடக்கியிருந்தது.

நாடு முழுவதையும் கருதி இயற்றப்பட்டது 1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம். விவசாய உணவு அமைச்சராக இருந்த பிலிப் குணவர்தன அதனைக் கொண்டுவந்தார். உடன்பாடு வாய்மொழியாயினும் எழுத்தாயினும், நெற்காணியைக் குத்தகைக்கு ஏற்றுப் பயிரிடுபவருக்கு அக்காணியில் நிலைத்திருக்கும் உரிமை உண்டு என்பது அதன் உயிர்நிலை. இலங்கையின் பல பகுதிகளில் விளைவிற் பாதி உடையவருக்குச் சென்றுகொண்டிருந்த நிலையில், குத்தகை ஏக்கருக்கு 12 புசல் அல்லது விளைவில் நாலிலொரு பங்கு, இவற்றுட் குறைந்தது எதுவோ அதனை விஞ்சலாகாது என வரையறுக்கப்பட்டது. பயிர்ச்செய்கைக் குழுக்களும் அமைக்கப்பட்டன.

ஆயினும் சட்டம் காக்க எண்ணியவரையே அதன் வரவு சில இடங்களில் வெளியேற்றிற்று. நிலைத்த உரிமை ஏற்பட்டுவிடுமென அஞ்சிய உடையவர் சிலர் குத்தகையாளரை நீக்கினர். வேறு சிலர் அவர்களைக் கூலியாளர் எனக் காட்டினர். சட்டம் 1961இலும் 1964இலும் திருத்தப்பட்டது. பின்னர் 1973இல் விவசாயக் காணிகள் சட்டமும், 1979இல் 58ஆம் இலக்கக் கமநல சேவைகள் சட்டமும், 2000இல் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் வந்தன. அமைப்புகளின் பெயர்கள் மாறினும், குத்தகையாளரை உடையவர் தம் விருப்பப்படி வெளியேற்றலாகாது என்னும் விதி தொடர்ந்தது. காணியை வேறொருவர் வாங்கியதனாலும் அவ்வுரிமை அழிவதில்லை.

குத்தகையாளர் எனத்தக்கவர் யாவர்? உழுதல், விதைத்தல், அறுத்தல் ஆகிய மூன்றனுள் இரண்டையேனும் தாமோ தம் குடும்பத்தினரோ செய்து, பயிரைக் காத்துப் பேணுபவரே பயிர்ச்செய்கையாளர் என்பது சட்டத்தின் இலக்கணம். காணியை ஏற்றுப் பின் மற்றொருவருக்குக் கீழ்க்குத்தகை கொடுப்பவர் தம் உரிமையை இழப்பர். கூலிக்கு உழைத்த வயற்காரரும் இப்பாதுகாப்பைப் பெறார். ஆகவே வழக்கு எழும்போது முதலில் நிறுவவேண்டுவது, உழைத்தவர் குத்தகையாளரா கூலியாளரா என்பதே. முப்பது ஆண்டுக்கால உழைப்பு அயலாருக்குத் தெரிந்த உண்மையாயினும், விசாரணை செய்வோர்க்குச் சான்று வேண்டும்.

அச்சான்றுகளுள் தலையாயது கமநல சேவை நிலையத்திற் பேணப்படும் விவசாயக் காணி இடாப்பு. காணியின் பெயர், பரப்பு, உடையவர், பயிரிடுபவர் முதலிய விவரங்கள் அதில் எழுதப்படுகின்றன. மறுத்து நிறுவப்படும் வரையில் அப்பதிவு உண்மையெனக் கொள்ளப்படும். ஏக்கர் வரி கட்டிய சீட்டு, மானிய உரம் பெற்ற பதிவு, குத்தகை நெல் அளந்தமைக்கான பற்றுச்சீட்டு ஆகியனவும் துணையாகும். இவற்றைப் பேணாதவர் வட்டவிதானையினதும் அயற்காரரதும் வாய்ச்சாட்சியையே நம்பவேண்டியவராவார்.

வெளியேற்றப்பட்டவர் பலர் முதலிற் செல்வது கிராம உத்தியோகத்தரிடமோ பொலிஸ் நிலையத்துக்கோ ஆகும். அது தவறன்று; ஆயின் குத்தகை உரிமையைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அமைதி குலையுமெனக் கண்டால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி பொலிசார் பிணக்கை நீதிமன்றுக்கு அறிவிக்கலாம். அதற்கு முந்திய இரண்டு மாதத்துள் பலவந்தமாக நீக்கப்பட்டவருக்கு நீதிமன்று உடைமையை மீட்டளிக்கலாம். அது இடைக்காலக் காப்பே. நிலையான பரிகாரத்துக்கு, வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்துக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். தம் பகுதிக் கமநல சேவை நிலையத்திலோ மாவட்ட உதவி ஆணையாளர் அலுவலகத்திலோ அதற்கு வழி கேட்டறியலாம். கமநல நியாயசபை இருதிறத்தாரையும் விசாரித்து முடிவு கூறும். ஓராண்டு கடந்தபின் வருபவரது மீட்புரிமை அற்றுப்போம். அலுவலகம்தோறும் வாய்மொழியாக முறையிட்டு அலைந்தமை எழுத்தறிவித்தலாகாது.

காணி அரசுக்கு உரியதாயின் வழி வேறு. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகள் குறித்துப் பிரதேச செயலாளரிடமே முறையிடல் வேண்டும். எனவே, காணி எத்தன்மையது என்பதைத் தெரிந்துகொள்வதே முதற்படி.

மட்டக்களப்பு மாவட்டத்தில் இவ்வெழுத்துச் சான்று எளிதிற் கிடைப்பதன்று. 1978 நவம்பரிற் சூறாவளி வீடுகளைச் சிதைத்தது. 1990இலும், 2006–2007 ஆண்டுகளிலும் போரினால் மக்கள் ஊர்விட்டு ஊர் ஓடினர். ஓடியவர்கள் பிள்ளைகளைச் சுமந்தனரேயன்றிப் பற்றுச்சீட்டுகளைச் சுமக்கவில்லை. மறுபுறத்தில், காணியுடையவர் எல்லாரும் பெரும்போடியாரும் அல்லர். ஓரிரு ஏக்கர் வயலின் குத்தகை நெல்லையே நம்பிய கைம்பெண்களும் முதியோரும் அவருள் உளர். குத்தகை அளக்காத குத்தகையாளர்மீது முறையிடும் உரிமை அவர்களுக்கும் உண்டு. நெல்லை அளப்பவர் சீட்டுக் கேட்பதும், பெறுபவர் மறுக்காது கொடுப்பதும் இருவரையும் காக்கும்.

ஆகவே குத்தகைக் கமக்காரர் வெளியேற்றம் வரும்வரை காத்திராது, அமைதியான காலத்திலேயே இடாப்பில் தம் பெயர் உளதா எனப் பார்த்துக்கொள்ளல் வேண்டும். தமக்குப்பின் உரிமை பெறவேண்டியவரை நியமிக்கவும் சட்டம் இடமளிக்கின்றது. எழுதப் படிக்க அறியாத முதிய கமக்காரருக்கு இவை மலைப்பாகத் தோன்றலாம். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர், தம் தந்தையையோ அயல்வீட்டுப் பெரியவரையோ அழைத்துக்கொண்டு கமநல சேவை நிலையத்துக்கு ஒருமுறை சென்று அப்பதிவை வாசித்துக் காட்டுவாராயின், பின்னாள் வழக்குகள் பல எழாமலே நீங்கும்.