மெர்போக்: கடாரத்துக்குத் துறை தந்த சிற்றாறு

மலேசியாவின் கெடா மாநிலத்தில், ஜெராய் மலையின் தெற்கு அடிவாரத்தை ஒட்டி ஓடிக் கடலில் கலக்கிறது மெர்போக் ஆறு. நீளத்தில் இது பெரிய ஆறன்று. பூஜாங், பத்து, செமிலிங், பட்டாணி முதலிய ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு சிறு தொலைவிலேயே மலாக்கா நீரிணையில் விழுந்துவிடும். ஆயினும் தமிழர்களின் கடலோடி வரலாற்றில் இந்தச் சிற்றாற்றுக்குப் பெரிய இடம் உண்டு. சோழர் கல்வெட்டுகள் கடாரம் என்று சொல்லும் துறைமுக நாடு, இதன் கரையையும் தெற்கே ஓடும் மூடா ஆற்றின் கரையையும் ஒட்டியே இருந்தது என்பது வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் கருத்து.

மலையும் கழிமுகமும்

இவ்விடம் துறைமுகமாக அமைந்ததற்கு முதற்காரணம் ஜெராய் மலை. 1,217 மீட்டர் உயரமுள்ள அது, சமவெளியின் நடுவே தனித்து நிற்பதால் கடலில் வெகுதொலைவு வரை தெரியும். நிக்கோபார் தீவுகளுக்கும் சுமத்திராவின் வடமுனைக்கும் இடைப்பட்ட நீர்வழியைக் கடந்து நேர்கிழக்கே வந்த மாலுமிகளுக்கு அதுவே கரையின் அடையாளம்.

இரண்டாவது காரணம் ஆற்றின் கழிமுகம். நன்னீர் வரத்து குறைவாக இருந்தாலும், கடலின் ஓதம் ஆற்றுக்குள் நெடுந்தூரம் ஏறி இறங்கும். பழங்காலத்தில் இக்கழிமுகம் இன்றுள்ளதைவிட அகன்ற குடாவாக இருந்தது. ஓதத்தோடு உள்ளே நுழைந்த கலங்கள் அலையும் காற்றும் தொடாத நீரில் நங்கூரம் இட முடிந்தது.

மூன்றாவது காரணம் பருவக்காற்று. தென்மேற்குப் பருவக்காற்று வங்கக் கடலில் கலங்களைக் கிழக்கே கொண்டுவந்து சேர்க்கும். ஊர் திரும்ப வேண்டுமானால் வடகிழக்குக் காற்று எழும்வரை பொறுத்திருக்க வேண்டும். அந்த மாதங்களில் மாலுமிகளுக்குக் குடிநீர், உணவு, கலம் பழுதுபார்க்க மரம், சரக்கு வைக்கக் கிடங்கு, வழிபடக் கோயில் ஆகிய எல்லாமே தேவைப்பட்டன. அருவி நீரும் காட்டு மரமும் மலையிலிருந்தே கிடைத்தன. அகில், குங்கிலியம், பிரம்பு போன்ற காட்டுப் பொருள்கள் உள்நாட்டிலிருந்து ஆற்றுவழியே துறைக்கு இறங்கின.

இரும்பு உலைகளும் கடலோடியின் கல்லும்

மெர்போக்கின் கிளையான பத்து ஆற்றங்கரையில், சுங்கை பத்து என்னும் இடத்தில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 2009 முதல் விரிவாக அகழாய்வு செய்தது. இரும்பு உருக்கிய உலைகள், துருத்திகளின் களிமண் குழாய்கள், சிட்டக் குவியல்கள், செங்கல்லால் கட்டிய படகுத்துறைகள் ஆகியவை அங்கு வெளிப்பட்டன. இவற்றின் தொடக்கம் கி.மு. காலத்தைச் சேர்ந்தது என்று ஆய்வுக் குழு அறிவித்தது. அவ்வளவு பழமையை ஏற்காத அறிஞர்களும் உள்ளனர். எனினும் கி.பி. முதல் நூற்றாண்டுகளில் இங்கே இரும்பு உருக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. அன்று நீர்க்கரையாக இருந்த படகுத்துறைகள் இன்று தரைக்குள் கிடக்கின்றன.

கப்பல் தலைவன் ஒருவனின் பெயரும் இப்பகுதியிலேயே கிடைத்தது. மூடா ஆற்றுக்குத் தெற்கே, இன்றைய செபராங் பிறையில், 1834இல் ஜேம்ஸ் லோ என்ற பிரித்தானிய அதிகாரி ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். புத்தகுப்தன் என்னும் பெருங்கடலோடி தன் பயணம் நல்லபடி நிறைவேற வேண்டிக்கொண்ட வடமொழி வாசகமும் ஒரு தூபியின் உருவமும் அதில் உள்ளன. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அக்கல், இப்போது கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

671இல் சீனாவிலிருந்து புறப்பட்ட பௌத்தத் துறவி இ-சிங், சுமத்திராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜய அரசில் தங்கிப் பிறகு கெடா வந்தார். ஆண்டின் இறுதியில் காற்று திரும்பியதும் இங்கிருந்து கப்பலேறி, நிக்கோபார் தீவுகள் வழியாக வங்கத்தின் தாம்ரலிப்தித் துறையை அடைந்தார். காற்றுக்காகக் காத்திருந்து கடல் கடக்கும் முறைக்கு அவருடைய பயணக் குறிப்பு நல்ல சான்று.

சோழர் காலம்

தமிழில் இந்நாட்டைப் பற்றிய குறிப்பு சங்க காலம் வரை செல்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களைச் சொல்லும் பட்டினப்பாலை, காழகத்துப் பொருள்களையும் சேர்த்துச் சொல்கிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் காழகத்தைக் கடாரம் என்று விளக்கினார்.

பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழருக்கும் கடாரத்துக்கும் இடையிலான உறவு நெருக்கமாக இருந்தது. கடாரத்துக்கும் ஸ்ரீவிஜயத்துக்கும் அரசனான மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மனின் பெயரால் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரை எழுப்பினான். அதற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாக அளித்ததை ஆனைமங்கலச் செப்பேடு கூறுகிறது. அச்செப்பேடு நெடுங்காலம் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் இருந்ததால் லெய்டன் செப்பேடு என்றும் பெயர் பெற்றது.

இருபது ஆண்டுகளுக்குள் அந்த நட்பு போராக மாறியது. 1025இல் முதலாம் இராசேந்திரனின் கடற்படை, ஸ்ரீவிஜயத்தின் துறைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கி, அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைப் பிடித்தது. மெய்க்கீர்த்தியில் வரும் ஊர்ப் பட்டியலைக் கடாரமே முடித்துவைக்கிறது. இராசேந்திரனுக்குக் கடாரம் கொண்டான் என்ற பட்டம் நிலைத்தது. நாட்டை நிரந்தரமாக ஆள்வது சோழரின் நோக்கமாகத் தெரியவில்லை. சீனா வரை சென்ற வணிக வழியில் தம் நாட்டு வணிகருக்குத் தடையில்லாமல் செய்வதே நோக்கம் என்று பல அறிஞர் கருதுகின்றனர். முதலாம் குலோத்துங்கன் காலத்தில், 1090 வாக்கில், கடாரத்து அரசனின் தூதர் வேண்டியபடி நாகப்பட்டின விகாரைக்குரிய ஊர்களுக்கு வரிவிலக்கு வழங்கப்பட்டது.

இதே காலத்தில் மெர்போக்கின் கிளையான பூஜாங் ஆற்றங்கரையில் பெங்காலான் பூஜாங் துறை தழைத்தது. பெங்காலான் என்றால் மலாயில் படகுத்துறை. பதினோராம் நூற்றாண்டு முதல் பதினான்காம் நூற்றாண்டு வரையிலான சீனப் பீங்கான் ஓடுகளும், மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளும், மணிகளும் அங்கே ஏராளமாகக் கிடைத்தன.

துறைகளைச் சுற்றி எழுந்த கோயில்களை மலேசியாவில் சண்டி என்பர். மிகப் பெயர்பெற்றது புக்கிட் பத்து பகாட் சண்டி. 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்த இதனை, அலஸ்டர் லாம்ப் 1960ஐ ஒட்டிச் சீரமைத்தார். விமானமும் மண்டபமும் கொண்ட தமிழகக் கோயில் அமைப்பு இதில் தெரிகிறது. எனினும் அடித்தளமே கல். மேலே மரத்தூண்கள் கூரையைத் தாங்கியிருந்தன. கடல் கடந்து வந்த வழிபாட்டை உள்ளூர்க் கைவினைஞர் தம் மழைக்கும் மரத்துக்கும் ஏற்பக் கட்டியதையே இது காட்டுகிறது.

துறை தூர்ந்தது

துறையை உண்டாக்கிய ஆறே அதை மூடவும் செய்தது. மழை அடித்துவந்த வண்டல் குடாவில் படிந்தது. படிந்த சேற்றில் அலையாத்தி மரங்கள் வேரூன்றின. வேர்கள் மேலும் வண்டலைப் பிடித்தன. பெருங்கலங்கள் நுழைய முடியாமல் போயிற்று. பதினைந்தாம் நூற்றாண்டில் மலாக்கா எழுந்தபோது வணிகம் அங்கே திரும்பியது. 1786க்குப் பின் பினாங்கு இப்பகுதியின் துறைமுகமாயிற்று. பிற்காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து நீராவிக் கப்பலில் பினாங்கில் வந்திறங்கிய தமிழ்த் தொழிலாளர் பலர், சுங்கைப் பட்டாணி வட்டாரத்து ரப்பர் தோட்டங்களுக்குச் சென்றனர். பழைய கடல்வழியிலேயே வந்தும், அவர்கள் கால் வைத்த துறை வேறு.

இன்று ஆற்றின் முகத்தில் தஞ்சோங் டாவாய் மீனவர் ஊராக இருக்கிறது. கழிமுகத்தின் அலையாத்திக் காடு, இறாலுக்கும் நண்டுக்கும் மீன்குஞ்சுக்கும் வளர்ப்பிடம். 1980இல் திறக்கப்பட்ட பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம், கண்டெடுத்த பொருள்களையும் இடம் மாற்றி நிறுவிய சில சண்டிகளையும் காத்துவருகிறது. ஆனால் எல்லாத் தலங்களும் தப்பவில்லை. 2013இல் பதினோராம் எண் சண்டி, வீடமைப்புத் திட்ட நிலத்துக்காக இடிக்கப்பட்டது. அப்போது நாடெங்கும் எழுந்த எதிர்ப்பு, தனியார் நிலத்தில் உள்ள தொல்லிடங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கையை வலுப்படுத்தியது. மெர்போக்கின் வரலாறு நூல்களில் இருப்பதைவிட மண்ணுக்கடியில் இருப்பதே அதிகம். அகழ்ந்து படிக்கும்முன் அந்த மண் அழிந்தால், கடாரத்தைப் பற்றி எஞ்சுவது வென்றவர் பொறித்த கல்வெட்டு மட்டுமே.